பிள்ளைகளுக்காக ஒரு சின்ன ரிவோல்வர்

1

தமிழ்ப் பாடசாலையிலிருந்து நேற்று ஒரு கடிதம் வந்தது. விளையாட்டுப் போட்டியில் ஓட்டங்களைத் தொடக்கிவைக்கும் ஸ்டார்ட்டர் இந்த வருடமும் நானே. கடிதத்தின் அடியில் டாக்டர் தன் கையால், 'இந்தத் தடவை யாரிடமும் ஆலோசனை கேட்க வேண்டாம்' என்று எழுதியிருந்தார். ஏன் அப்படி எழுதினார் என்பதைச் சொன்னால் என் மானம் போகும். பரவாயில்லை, ஊரில் இருப்பவர்களும் கொஞ்சம் சிரிக்கட்டும்.

சென்ற வருடம் இதே ஜூன் மாதத்தில் நான் இங்கிலாந்துக்கு வந்து பதினான்கு வருடம் முடிந்தது. "வனவாசம் முடிஞ்சுது" என்று தேநீரைக் குடித்தபடி பெருமையாகச் சொன்னேன்.

"வனவாசம் போனவை முடிய ஊருக்குத் திரும்புவினம். நீங்கள் திரும்பாமல் இருக்கிறதுக்கெல்லோ ஃபோம் நிரப்பிக் குடுத்தனீங்கள்" என்றாள் என் மனைவி சுகந்தி. அவளோடு வாதாடி நான் வென்றதாகச் சரித்திரம் இல்லை.

அவள் சொன்ன ஃபோம், பிரஜாவுரிமைக்கான விண்ணப்பம். பெப்ரவரியில் அனுப்பியிருந்தோம். நாங்கள் தெற்கு லண்டனில் சட்டன் என்ற இடத்தில் இருக்கிறோம். குரோய்டனுக்கு பஸ்ஸில் போனால் குடிவரவு அலுவலகத்தின் அந்தப் பெரிய கட்டடம் கண்ணில் படும். முதல் வருடங்களில் விடியற்காலையில் அதன் வாசலில் வரிசையில் நின்றவன் நான். இப்போது விண்ணப்பம் வேறு எங்கோ போகிறதாம். ஆனாலும் அரசாங்கத்திலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் அது குரோய்டனிலிருந்து வந்ததாகத்தான் என் வயிறு நினைக்கும்.

ஃபோமில் ஒரு பகுதி நற்குணத்தைப் பற்றியது. பொலிஸ், கோர்ட், வழக்கு, வில்லங்கம் ஏதாவது உண்டா என்று பல விதமாகக் கேட்டிருந்தார்கள். இல்லை, இல்லை, இல்லை என்று எழுதினேன். உண்மையும் அதுதான். ஒரு சுப்பர்மார்க்கெட்டின் ரொட்டிப் பகுதியில் வேலை செய்பவனுக்கு வில்லங்கம் எங்கிருந்து வரும்? முடிவு வரும்வரைக்கும் மூச்சைக் கூட அளந்து விட வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் டாக்டர் வந்தார்.

2

டாக்டர் தமிழ்நாட்டுத் திருநெல்வேலிக்காரர். எங்கள் தமிழ்ப் பாடசாலையின் விளையாட்டுக் குழுத் தலைவர். என் ஃபோமில் நற்குணத்துக்குச் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். ஆகவே அவர் எது கேட்டாலும் மறுக்க முடியாது.

"போன வருஷம் நடந்தது ஞாபகம் இருக்குல்ல?" என்றார். மறக்க முடியுமா? பூங்காவில் பக்கத்து மைதானத்தில் கால்பந்து ஆடினார்கள். அவர்களுடைய நடுவர் விசில் ஊத, எங்கள் எட்டு வயதுப் பிள்ளைகள் நூறு மீற்றரை ஓடி முடித்துவிட்டார்கள். எங்கள் ஸ்டார்ட்டர் அப்போது தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "விசில் அடிச்சா எங்க ஊர்க்காரங்க பஸ்னு நினைச்சு ஏறப் பாக்கிறாங்க. இந்த வருஷம் துப்பாக்கிதான். சத்தம் மட்டும் போடுற சின்ன ரிவால்வர் இருக்காமே, நீங்க விசாரிச்சு வாங்குங்க. நீங்கதான் ஸ்டார்ட்டர்."

எனக்கு ரிவோல்வரைப் பற்றி என்ன தெரியும்? எந்தப் பக்கத்தால் சத்தம் வரும் என்பது மட்டும் தெரியும். ஆனால் குடும்பத்தில் ஒருவருக்கு எல்லாம் தெரியும். என் அக்காவின் கணவர் சிவநேசன் அத்தான். அமெரிக்காவில் ஹூஸ்டனில் பெற்றோல் நிலையம் வைத்திருக்கிறார். ஒருமுறை கடையில் கொள்ளை நடந்தபின் லைசென்ஸ் எடுத்து, சின்ன ரிவோல்வர் ஒன்றை எப்போதும் கூடவே கொண்டு திரிகிறார். கலியாண வீடுகளில் மற்ற ஆண்கள் கார் எத்தனை மைல் ஓடும் என்று கதைக்க, அத்தான் எந்த ரிவோல்வர் எந்தப் பொக்கற்றுக்குள் அடங்கும் என்று கதைப்பார்.

இரண்டு பவுண் ரெலிபோன் அட்டையைச் சுரண்டி அவரை அழைத்தேன். இங்கேதான் என் பழைய புத்தி வேலை செய்தது. கொழும்பில் லொட்ஜில் இருந்த காலத்தில், துப்பாக்கிக்கு எங்கள் ஊரில் சொல்லும் 'துவக்கு' என்ற சொல்லை நாங்கள் ரெலிபோனில் சொன்னதே கிடையாது. விளையாட்டுக்கும் சொல்ல மாட்டோம். அந்தச் சொல்லுக்காகவே பொலிஸ் விசாரணைக்கு நாலாம் மாடிக்குப் போய் வந்தவர்களை எங்களுக்குத் தெரியும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் ரிசீவரைத் தூக்கினால் அந்தச் சொல் தொண்டையை விட்டு வெளியே வராது.

"அத்தான், எனக்கொரு சின்னச் சாமான் எடுக்கவேணும். சுத்திற வகை. கைக்கு அடக்கமா."

"என்ர சாமான் மாதிரியோ?" என்று அத்தான் மெதுவாகக் கேட்டார். அவர் குரலைத் தாழ்த்தினால் சுற்றிவரப் பார்த்துக்கொண்டு கதைக்கிறார் என்று அர்த்தம்.

"ஓம், அதுதான். நீங்கள் விளங்கிக்கொண்டியள்."

"லண்டன் அவ்வளவுக்கு மோசமாப் போச்சுதே, தம்பி?"

"சீச்சீ, எனக்கில்லை அத்தான். பிள்ளையளுக்காக."

அவர் நீளமாக மூச்சு விட்டார். "விளங்குது. ஒரு தகப்பன் செய்யவேண்டியதுதான். விபரமா மெயில் போடுறன்."

"வெளிப்படையா எழுதாதையுங்கோ. ஃபோம் உள்ள போயிருக்கு."

"எனக்குச் சொல்லித் தரவேணுமே? கொழும்பில நான் எழுதாத கடிதமே?" என்றார். உடனே ஒரு பெண்குரல் வந்து உங்களுக்கு ஒரு நிமிடம் மீதியிருக்கிறது என்றது. அட்டை முடிந்தது. போட்டி என்ற சொல்லையோ பாடசாலை என்ற சொல்லையோ நான் ஓரிடத்திலும் சொல்லவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

3

எங்கள் வீட்டில் கொம்பியூட்டர் ஒன்று, மெயில் விலாசமும் ஒன்று. மறுநாள் வேலையால் வந்தபோது சுகந்தி அதன் முன் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்காமலே, "அத்தான் மெயில் போட்டிருக்கிறார். வாசிக்கிறன், கேளுங்கோ" என்றாள். அத்தான் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுபவர். அதை அவள் ஒவ்வொரு சொல்லாகக் கடித்துத் துப்பி வாசித்தாள்.

"அன்புள்ள தம்பி, நீர் விரும்பிய சம்பந்தம் பற்றி எழுதுகிறேன். இங்கே மூன்று பெண்கள் இருக்கிறார்கள். முதலாவது பிள்ளை கட்டை. மூக்கு இரண்டு இஞ்சுதான். ஐந்து பேர் கொண்ட சின்னக் குடும்பம். பாரமே இல்லை, நாள் முழுக்கக் கூடக் கொண்டு திரிந்தாலும் இருப்பதே தெரியாது. ஆனால் கை வைத்தால் உதை பலம். எனக்கு இரண்டு நாள் மணிக்கட்டு நொந்தது."

சுகந்தி நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் வாய் திறப்பதற்குள் தொடர்ந்தாள்.

"இரண்டாவது பிள்ளையும் அதே உயரம், ஆனால் இரும்பு உடம்பு. பாரம் என்றபடியால் உதை குறைவு, பொறுமைசாலி. என்ன, கூடக் கூட்டிக்கொண்டு திரிந்தால் காற்சட்டை இறங்கும். மூன்றாவது ஆறு பேர் உள்ள குடும்பம். ஒருவர் கூட என்றபடியால் இடுப்பு அகலம், சேட்டுக்கு மேலால் தெரிந்துவிடும், ஊர் கதைக்கும். முக்கியமாக ஒன்று. தலையில் கொண்டை நீட்டிக்கொண்டிருக்கிற பிள்ளை வேண்டாம். அவசரத்தில் பொக்கற்றில் கொழுவும். கொண்டையை உள்ளுக்குள் மறைத்த பிள்ளைதான் நல்லது. வீட்டில் விட்டுவிட்டுப் போகும் பெரியவளைவிடக் கூட வரும் சின்னவள் மேல். நானும் இரண்டு பேரை மாற்றி இப்போது மூன்றாவதோடு சந்தோசமாக இருக்கிறேன். அக்காவுக்கும் தெரியும்."

கதிரை என் பக்கம் திரும்பியது.

"ஆர் அந்தக் கொண்டை மறைச்சவள்?" என்றாள் சுகந்தி.

"அது பொம்பிளை இல்லையப்பா. ரிவோல்வர்."

வாயிலிருந்து அப்படியொரு சொல் எத்தனையோ வருடத்துக்குப் பிறகு வெளியே வந்தது. சுகந்தி மெயிலை மறுபடியும் முதலிலிருந்து மனதுக்குள் வாசித்தாள். கட்டை மூக்கு என்றால் குழல், ஐந்து பேர் என்றால் ஐந்து குண்டு, உதை என்றால் வெடிக்கும்போது கையில் படும் அதிர்ச்சி, கொண்டை என்றால் பின்னாலுள்ள சுத்தியல். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. கோபம் போய்விட்டது என்று நான் சந்தோசப்பட்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

"பொம்பிளை எண்டாலாவது என்னோட முடியும். இது குரோய்டன் வரைக்கும் போகும். ஃபோமில நற்குணம் எண்டு எழுதிப்போட்டு அமெரிக்காவில துவக்குக்குப் பொருத்தம் பாக்கிறியளே?"

டாக்டர் சொன்னது, போட்டி, சத்தம் மட்டும் போடும் வகை எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "முதலில இஞ்சத்தைச் சட்டம் என்னெண்டு பொலிஸில கேளுங்கோ. ஒளிச்சு வாங்கினால்தான் களவு. கேட்டு வாங்கினால் நற்குணம்" என்றாள். நல்ல யோசனையாகத்தான் பட்டது.

4

பொலிஸுக்குத் துணையாக மகள் ஆரணியைக் கூட்டிக்கொண்டு போனேன். பதினொரு வயது. இந்த வருடத்தோடு தமிழ்ப் பாடசாலைக்கு முழுக்கு என்று அறிவித்திருந்தாள். விளையாட்டுப் போட்டிக்கும் வரமாட்டாளாம், அது 'போரிங்' ஆம். கதவடியில் நின்று, "நீங்கள் கதைக்காதையுங்கோ அப்பா, நான் கதைக்கிறன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பதினான்கு வருடம் இங்கே இருந்தவனுக்கு இதைக் கேட்டு ரோசம் வராதா?

கவுண்டரில் இருந்தவர் நல்ல மனிதர். என்ன வேண்டும் என்று கேட்டார். வழியெல்லாம் பாடமாக்கி வந்த வசனத்தைத் தெளிவாகச் சொன்னேன்.

"ஐ வோன்ட் எ ஸ்மோல் ரிவோல்வர்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். என்ன தேவைக்கு என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். அவருடைய மனதை இளக்கலாம் என்று நினைத்துச் சிரித்தபடி சொன்னேன். "இட் இஸ் ஃபோர் த சில்ட்ரன்."

"எத்தனை வயதுப் பிள்ளைகள்?"

"ஐந்திலிருந்து பதினாறு வரை."

"எத்தனை பேர்?"

"நூற்றிருபது."

அவருக்குப் பின்னால் இருந்த பெண் எழும்பி வந்தார். ஆரணி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "அப்பா, ப்ளீஸ், ஸ்டொப்" என்றாள். பிறகு முன்னால் வந்து, பாடசாலை, ஸ்போர்ட்ஸ் டே, ஓட்டம் தொடங்குவதற்கு ஒரு சத்தம் என்று நாலே வசனத்தில் சொல்லி முடித்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பெண் அவசரமாக உள்ளே போனார். உள்ளேயிருந்து அவருடைய சிரிப்பு கேட்டது.

கவுண்டரில் இருந்தவர் எனக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இப்படியான பொருட்களுக்கு இப்போது விதிகள் இறுகிக்கொண்டு வருகின்றன. பூங்காவில் ஒருவர் அதைத் தூக்கிப் பிடித்தால் தூரத்தில் நிற்பவருக்கு விளையாட்டா உண்மையா என்று தெரியாது. இரண்டு பலகையைக் கதவுப் பிணைச்சலால் பூட்டி அடித்தால் நல்ல சத்தம் வரும், தங்கள் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் என்றார். எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. கடைசியில் ஒரு புத்தகத்தை எடுத்து என் பெயரையும் விலாசத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

என் பெயர் இருபத்தாறு எழுத்து. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு எழுத்தும் குரோய்டனுக்குப் போவதுபோல் இருந்தது. பதினான்கு வருடமாக ஒரு பொலிஸ் புத்தகத்திலும் இல்லாத பெயர். நானே தேடிப் போய்ப் பதிந்துவிட்டேன், அதுவும் ரிவோல்வர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில்.

பஸ்ஸில் ஆரணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா, நூற்றிருபது பிள்ளையள் எண்டு சொன்னீங்களே! நான் ஸ்போர்ட்ஸ் டேக்கு வாறன். எல்லாருக்கும் சொல்லவேணும்." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

5

வீட்டுக்கு வந்து அத்தானுக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன். சம்பந்தம் வேண்டாம் என்று எழுத வேண்டும். ஆனால் அவருடைய மெயில் எனக்கு முன்னால் வந்து கிடந்தது. "உமக்கு ஒன்று எடுத்துவிட்டேன். நானே கையோடு கொண்டு வாறேன். பயப்பட வேண்டாம்."

ஜூலையில் அவர் லண்டன் வருவதாக முன்பே இருந்தது. வரும் வழியில் ரொறன்ரோவில் ஒரு கலியாணம். ஹூஸ்டனுக்கு எடுத்தால் அக்காவும் அத்தானும் புறப்பட்டுவிட்டார்கள். ரொறன்ரோவுக்கு எடுத்தால் ஒரு குழந்தை ரிசீவரைத் தூக்கி ஆங்கிலத்தில் 'ஹலோ, ஹலோ' என்று பாடி அட்டையை முடித்தது. மெயிலுக்கும் பதில் இல்லை. நாலு நாள் ரெலிபோன் அட்டைகளைச் சுரண்டியபடி இருந்தேன். விமானத்தில் தரும் அட்டையில், எங்கே தங்கப்போகிறீர்கள் என்ற இடத்தில் அத்தான் என் விலாசத்தை எழுதுவார். அதே விலாசம் பொலிஸ் புத்தகத்தில் இருக்கிறது. சின்னப் பிள்ளையும் இரண்டையும் சேர்த்துப் பார்க்குமே!

ஹீத்ரோவில் அந்த விமானத்தில் வந்தவர்கள் எல்லாரும் வெளியே வந்தார்கள். அக்காவும் வந்தாள், தனியாக. "அத்தானை மறிச்சுப் போட்டாங்கள்" என்றாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிரஜாவுரிமை போயிற்று, வேலை போயிற்று, ஆரணியின் பள்ளிக்கூடம் போயிற்று என்று ஒவ்வொன்றாக என் கண்ணுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தபோது அத்தான் வண்டிலைத் தள்ளியபடி சிரித்துக்கொண்டு வந்தார்.

"என்ன அத்தான் நடந்தது?"

"மிளகாய்த் தூள். ரெண்டு கிலோ. மணந்து பாத்துப்போட்டுத் தும்மித் தும்மித் தந்தாங்கள்."

"மற்றது?" என்று கேட்டேன்.

"அது சேஃபா இருக்கு" என்று பையைத் தட்டினார். கார் நிறுத்துமிடத்தில் திறக்கப் போனவரை நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். வீட்டுக்கு வந்து, திரைச்சீலையை இழுத்து மூடி, கதவைப் பூட்டியபின்தான் திறக்க விட்டேன். உள்ளே, மெல்லிய தாளில் சுற்றி, புத்தம் புதிய தோலுறை ஒன்று இருந்தது. சின்ன ரிவோல்வர் வைக்கும் உறை. உள்ளே ஒன்றும் இல்லை.

"எனக்கென்ன விசரே, சாமானைப் பிளேனில கொண்டுவர?" என்றார் அத்தான். "சாமானை நீர் இஞ்ச எடும். உறை நல்லதா இருக்கவேணும். அதுதான் முக்கியம்."

அப்போதுதான் அவரிடம் விளையாட்டுப் போட்டியைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது.

6

பழைய புத்தக ராக்கை ஒன்றின் இரண்டு பலகையை அறுத்துப் பிணைச்சல் போட்டு நானே சத்தப் பலகை செய்தேன். போட்டியன்று முதல் ஓட்டத்தைத் தொடக்கிவைக்கும் மரியாதையை அத்தானுக்குக் கொடுத்தார் டாக்டர். அத்தான் பலகையை அடித்த அடியில் எட்டு வயதுப் பிள்ளைகள் பறந்தார்கள். பக்கத்து மைதானத்தில் கால்பந்து ஆடியவர்களும் நின்று திரும்பிப் பார்த்தார்கள். டாக்டருக்கு அதில்தான் பரம திருப்தி. "போன வருஷத்துக்குச் சரியாப் போச்சு" என்றார். ஆரணி தன் சிநேகிதிகளைக் கூட்டி வந்து, நூற்றிருபது பிள்ளைகளின் தகப்பன் என்று என்னைக் காட்டினாள். நானூறு மீற்றரில் ஓடி மூன்றாவதாகவும் வந்தாள்.

மத்தியானம் புல்லில் உட்கார்ந்து ரோல்ஸ் சாப்பிட்டோம். வந்த நாளிலிருந்தே நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். உட்காரும்போதும் எழும்பும்போதும் அத்தானின் வலது கை தானாகக் காற்சட்டைப் பொக்கற்றுக்குப் போய், ஒன்றும் இல்லாமல் திரும்பி வரும்.

"அத்தான், உண்மையைச் சொல்லுங்கோ. அதை எத்தனை தரம் வெளியில எடுத்தனீங்கள்?"

"சுட்டுப் பழகிற இடத்தில தவிர ஒருநாளும் இல்லை. பதினொரு வருசம்" என்றார். ரோல்ஸை முடித்து விரலைத் துடைத்தார். "முதல் எடுத்தது இரும்பு. நாள் முழுக்க இருக்கு இருக்கு எண்டு சொல்லும். இருக்குதெண்டு நினைச்சால் அண்டைக்குக் கடையில நடந்ததும் நினைவு வரும். அதுதான் பாரம் குறைஞ்சதாப் பாத்துப் பாத்து மாத்தினன். இருக்கிறதை மறக்கக்கூடியதா ஒண்டு வேணும், தம்பி. அவ்வளவுதான் நான் தேடினது."

கலியாண வீடுகளில் அவரைக் கேலி செய்தவர்களில் நானும் ஒருவன். வெட்கமாக இருந்தது.

"இப்ப இருக்கிறது பரவாயில்லையோ?"

அத்தான் புல்லில் மல்லாந்து படுத்தார். வயிற்றில் கையைக் கோத்துக்கொண்டார். "இஞ்ச இருக்கிற இந்தப் பத்து நாளும் கொண்டு திரியிறதுதான் ஆகப் பாரம் குறைஞ்சது" என்றார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே குறட்டை விட்டார்.

7

அக்காவும் அத்தானும் போய் மூன்றாவது வாரம் அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. என்னால் திறக்க முடியவில்லை. ஆரணியிடம் கொடுத்தேன், சுகந்தி பறித்தாள். மூன்று வரி வாசித்துவிட்டுக் குசினிக்குப் போனாள். பின்னால் ஓடினேன். தேநீர்க் கேத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "தந்திட்டாங்கள்" என்றாள். நானும் அழுதேன். பொலிஸ் புத்தகத்தை ஒருவரும் புரட்டிப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தவர் நன்றாகச் சிரித்துவிட்டு மூடியிருக்கிறார்.

மாநகரசபை மண்டபத்தில் சத்தியம் செய்து, கைகுலுக்கினோம்; பின்னர் பாஸ்போட்டும் வந்து சேர்ந்தது. முதல் வாரம் அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அலுமாரியில் வைத்தேன், மெத்தைக்குக் கீழே வைத்தேன், வேலைக்குக் கொண்டுபோய் ரொட்டி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பதறினேன். பாஸ்போட் எல்லாருக்கும் வீட்டில் இருக்கும், ஒருவரும் அதைக் கட்டிக்கொண்டு திரிவதில்லை என்றாள் ஆரணி. கட்டிக்கொண்டு திரியாமல் இருக்க எனக்கு இன்னும் கொஞ்சக் காலம் வேண்டும் என்றேன்.

அப்போது சுகந்தி மேசை லாச்சியைத் திறந்து அத்தானின் தோலுறையை எடுத்தாள். பாஸ்போட்டை அதற்குள் இறக்கினாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் இறங்கியது. அதை என் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் வைத்து, இரண்டு அடி பின்னால் போய், பெண் பார்க்க வந்தவள்போல் தலையைச் சரித்துப் பார்த்தாள்.

"கட்டைதான். ஆனால் பாரமில்லை, உதையாது, கொண்டையும் வெளியில தெரியேல்லை" என்றாள். "இவளைக் கட்டிக்கொள்ளுங்கோ. எனக்குச் சம்மதம்."